ஆறே முக்காலில் நின்ற வீடு

1943ஆம் ஆண்டு ஏப்ரல் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை முதல் 1949ஆம் ஆண்டு ஜனவரி பதினேழாம் தேதி வரை, தூத்துக்குடியில் ஒரு வீட்டுக்கு மட்டும் பகல் இல்லை. மருந்துக்கான நிலாவரை இலையைக் கப்பலேற்றும் வியாபாரியும் கடற்கரைச் சங்கீத சபையின் செயலாளருமான வன்னியபெருமாளின் வீடு அது. துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், கிழக்குப் பார்த்த வாசலோடு, ஏழு அறைகள் கொண்டது. இரவு முடிந்து ஊருக்கு விடியும்போது அந்த வீட்டுக்கு நேராக மாலை ஆறே முக்கால் மணி வரும். ஊர் இருட்டும்வரை அப்படியே நிற்கும். பிறகு ஊரோடு சேர்ந்து இரவாகும். எல்லை காம்பவுண்டுச் சுவர். காலை பத்து மணிக்கு அந்தச் சுவரின் வெளிப்பக்கம் கைவைக்க முடியாதபடி சுடும். உள்பக்கம், பகலெல்லாம் வெயில் தின்று ஆறத் தொடங்கிய சுவரின் மிதமான சூட்டில் இருக்கும். அரிசிக்குப் பங்கீட்டு அட்டை வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஊர் அதைப் பற்றியே அதிகம் பேசியது.

காரணம் இரண்டு ராகங்கள். சரியாகச் சொல்வதென்றால், அவை இரண்டு என்பதை ஒருவர் ஒப்புக்கொள்ள மறுத்தது.

ஜெபகனியின் குடும்பம் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள நாசரேத்தைச் சேர்ந்தது. அவள் வளர்ந்தது கல்கத்தாவில். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வரும் சங்குகளை இறக்கி, வளையல் அறுப்பவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் முகவராக அவள் தகப்பன் தேவபிரசாதம் அங்கே முப்பது ஆண்டுகள் இருந்தார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் இந்துஸ்தானி பாடும் ஒரு பெண்மணி இருந்தாள். அவளிடம் ஜெபகனி பதினெட்டு ஆண்டுகள் பாடம் கேட்டாள். அதில் முதல் மூன்று ஆண்டுகள் ஒரே ஸ்வரத்தில் நிற்க மட்டும். 1942 தொடக்கத்தில், குண்டு விழப்போகிறது என்று கல்கத்தா பாதி காலியானபோது, தகப்பனை அங்கே அடக்கம் செய்துவிட்டு, ஒரு தம்பூராவோடும் இரண்டு பெட்டிகளோடும் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினாள். வயது முப்பத்து நான்கு. பெண்கள் பள்ளியொன்றில் பாட்டு வாத்தியாராக வேலை கிடைத்தது. கடற்கரைச் சங்கீத சபை ஆண்டுதோறும் நடத்தும் ராகப் பரீட்சையில் தேறி நற்சான்று பெற்றால் வேலை நிரந்தரமாகும் என்றார்கள்.

பரீட்சையில் ஐந்து ராகம் பாடவேண்டும். ஜெபகனி பாடிய ஐந்தில் இரண்டு, தேஷ்காரும் பூபாலியும். பெயரைக் கேட்டு நம் பூபாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு. இவை இரண்டும் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம், அதாவது ச, ரி, க, ப, த என்ற அதே ஐந்து ஸ்வரங்களால் ஆனவை. ஏறும்போதும் அவைதான், இறங்கும்போதும் அவைதான். வித்தியாசம் ஸ்வரத்தில் இல்லை, ஸ்வரத்தில் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பூபாலி அந்திக்குரியது; கீழ்ப்பாதியில் உலவும்; காந்தாரத்தில் வந்து அமரும்; ரிஷபத்தை நிறைவாகத் தொடும். தேஷ்கார் காலைக்குரியது, மேல் ஷட்ஜத்தை நோக்கியே முகம் வைத்திருக்கும், தைவதத்தில் நிற்கும், ரிஷபத்தைத் தொட்டதாகவும் தொடாததாகவும் கடந்துபோகும். ஒரே ஐந்து பேர் வசிக்கும் இரண்டு வீடுகள் போல என்று வைத்துக்கொள்ளலாம்: ஒன்றில் மாமியார் சொல்வது நடக்கும், மற்றதில் மருமகள் சொல்வது. இரண்டும் ஒரே வீடு என்று மக்கள்தொகை எடுப்பவன் வேண்டுமானால் எழுதலாம்.

வன்னியபெருமாள் அப்படித்தான் எழுதினார். அவர் காதில்லாதவர் அல்லர் என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஆரபியும் தேவகாந்தாரியும் ஒரே ஸ்வரங்கள் கொண்டவை. முந்தைய ஆண்டு மேடையில் ஒரு வித்துவானின் பாட்டை நடுவில் நிறுத்தி, அவர் தேவகாந்தாரி என்று சொல்லி ஆரபியில் நழுவியதை எடுத்துக்காட்டி, அவர் கண் கலங்கும்வரை விடாதவர் வன்னியபெருமாள். ஆனால் சபையின் பரீட்சைக்கு ஒரு முறை இருந்தது. பழக்கமில்லாத ராகம் வந்தால் அதன் ஸ்வரத்தைக் கரும்பலகையில் எழுதி, நமக்குத் தெரிந்த ராகங்களில் எதனோடு ஒக்கிறது என்று பார்ப்பது. சபையின் நாதஸ்வரக்காரர் காசிலிங்கம் ஆர்மோனியத்தில் கட்டைகளை அழுத்திப் பார்த்து எழுதுவார். 1943 பிப்ரவரி பதினான்காம் தேதி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, ஜெபகனி இரண்டையும் அரை நிமிடம் அரை நிமிடமாகப் பாடி முடித்தாள். மண்டபத்தில் வெளிச்சம் ஒரு முறை கூடி ஒரு முறை குறைந்தது. மேகம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"எழுது ஏலே. ஏறயில என்ன?" என்றார் வன்னியபெருமாள்.

"ச ரி க ப த, ச" என்றார் காசிலிங்கம்.

"எறங்கயில?"

"அதேதான் அண்ணாச்சி. ரெண்டாவதுக்கும் அதேதான் வருது. ஆனா போக்கு வேற மாதிரி…"

"போக்க ஒன்ட்ட எவன் கேட்டான்? ஸ்வரத்த எழுது."

கரும்பலகையில் இரண்டு வரிசையும் ஒன்றுபோல நின்றன. அவற்றின் கீழே வன்னியபெருமாள் தம் கையால் மோகனம் என்று எழுதினார். சபை கைதட்டியது.

"ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஸ்வரம் ஒண்ணுதான் அண்ணாச்சி. போன வருசம் அது வேற இது வேறன்னு மேடையில வச்சே ஒரு ஆளப் பிரிச்சு மேஞ்சியளாம். பலகையில எழுதிப் பாத்தா கண்டுபிடிச்சிய?" என்றாள் ஜெபகனி.

"அது நம்ம சங்கீதம். கேட்டுக் கேட்டு வந்தது."

"இதையும் கேளுங்க."

"வடக்க உள்ளவன் ஒரே சரக்குக்கு ரெண்டு மார்க்கா ஒட்டி அனுப்புவான். நான் எலை யாவாரி ஏளா. இந்த வித்தை எனக்கா தெரியாது?"

சபை சிரித்தது. அன்று மாலை, தம் வீட்டு அலுவலறையில் அமர்ந்து, சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் வன்னியபெருமாள் இப்படி எழுதினார்: "மேற்படி அம்மாள் மோகனம் என்னும் ஒரே ராகத்தை இரு பெயர்களில் பாடிச் சபையை ஏமாற்ற முயன்றார்." தேறவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வரலாறே இல்லை. புத்தகத்தின் நகல் பள்ளிக்குப் போயிற்று. ஏமாற்றுக்காரி என்று எழுத்தில் உள்ள ஒருவரிடம் பிள்ளைகளை ஒப்படைப்பதற்கில்லை என்று பள்ளி மார்ச் மாதம் அவளை நீக்கியது. ஞாயிறுதோறும் அவள் ஆர்மோனியம் வாசித்துவந்த வேதக்கோயிலிலும் வேறு ஆள் வைத்தார்கள். ஜெபகனி சபைக்கு மூன்று கடிதம் எழுதினாள். முதல் கடிதம் மரியாதையானது. இரண்டாவது நான்கு பக்கம், இரு ராகங்களின் சஞ்சாரங்களும் ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து எழுதப்பட்டது. அதில் ஒரு பிழை கிடையாது. மூன்றாவது ஒரு வரி: அந்த வாக்கியத்தை அடிக்கவும். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் வன்னியபெருமாள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கையில் தம்பூரா இல்லை. வன்னியபெருமாள் முற்றத்தில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சண்முகத்தாய் பாயில் மிளகாய் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த வரிய அடிங்க அண்ணாச்சி. வேலையும் கேக்கல, சர்ட்டிபிகேட்டும் கேக்கல. நான் பொய் சொன்னதா எழுதியிருக்கே, அத மட்டும் அடிங்க" என்றாள் ஜெபகனி.

"காலங்காத்தால வந்து மோகனம் பாடப் போறியா, மறுபடி மோகனம் பாடப் போறியா?" என்று கேட்டுவிட்டு வன்னியபெருமாள் தாளைத் திருப்பினார்.

ஜெபகனி பூபாலி பாடினாள். நாற்பது நிமிடம் பாடினாள். கோபத்தில் பாடினால் சுருதி விலகும் என்பார்கள், அவளுடையது விலகவில்லை. பத்தாம் நிமிடத்தில் கோழிகள் கூட்டுக்குள் போயின. பதினைந்தாம் நிமிடத்தில் கிணற்றடி அந்திமந்தாரைகள் மலர்ந்தன. முற்றத்தின் மேலிருந்த வானம் செம்மண் நிறமாகி, பிறகு சாம்பல் கலந்த நீலமாகி, அங்கேயே நின்றுவிட்டது. பொழுது போனது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு சண்முகத்தாய் வற்றலை அள்ளினாள். கல்கத்தாவில் யாரும் இதைக் கண்டதில்லை என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே பூபாலியை அந்தியில்தான் பாடுவார்கள். பாடியதும் அந்தி வரும். அது பாட்டால் வந்ததா, தானாக வந்ததா என்று ஆராயும் அவசியம் எவருக்கும் நேர்ந்ததில்லை. குரல் நான்கு வீடு தாண்டியும் கேட்டது. ஆனால் அந்தி குரலின் அளவுக்குப் பரவாமல் கோபத்தின் அளவோடு நின்றது, அந்தக் கோபம் சரியாக ஒரு வீட்டளவு. பாடி முடித்ததும் ஜெபகனி கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. வந்து தேஷ்கார் பாடுதேன், விடியும்."

அலுவலகங்கள் இதை ஒழுங்காகவே கையாண்டன. பகலிலும் விளக்கு எரிக்கவேண்டிய வீடு என்று வன்னியபெருமாள் விண்ணப்பித்ததும், தாலுகா கச்சேரி விசாரணையின்றி மாதம் இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் கூடுதலாக ஒதுக்கியது. அந்தி மயங்கியபின் ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் மூடவேண்டும் என்பது யுத்தகால உத்தரவு. ஆகையால் வான்தாக்குதல் வார்டன் காலை ஒன்பது மணிக்கே வந்து, மூடாததற்கு எச்சரித்துவிட்டுப் போனார். தபால்காரர் கேட்டருகே ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். 1947 ஆகஸ்டு பதினைந்தாம் தேதி அந்த வீட்டு மாடியிலும் கொடி ஏற்றப்பட்டது. சூரியன் மறைந்தபின் கொடி பறக்கலாகாது என்று யாரோ நினைவூட்டியதால், ஏற்றிய கையோடு இறக்கப்பட்டது.

வன்னியபெருமாள் வரியை அடிப்பதைத் தவிர மற்றெல்லாம் செய்து பார்த்தார். காசிலிங்கத்தை அழைத்து முற்றத்தில் மோகனம் வாசிக்கச் சொன்னார். காசிலிங்கம் ஒரு மணி நேரம் அருமையாக வாசித்தார். மோகனத்துக்கு எந்தப் பொழுதும் சம்மதம் என்பதால் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். 1944 இறுதியில் அவர் எவருக்கும் சொல்லாமல் பம்பாய்க்கு எழுதி ஓர் இசைத்தட்டு வரவழைத்தார். அதன் ஒரு பக்கம் தேஷ்கார், மறுபக்கம் பூபாலி. கிராமபோனில் தேஷ்கார்ப் பக்கத்தை வைத்தபோது வீட்டில் விடிந்தது. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும். ஆகவே காலையும் மூன்று நிமிடம். ஊசி நடுவட்டத்தை அடைந்ததும் மறுபடி ஆறே முக்கால். அன்றுமுதல் தினமும் அந்த வீட்டுக்கு மூன்று நிமிடம் பகல் கிடைத்தது. சண்முகத்தாய் பாயையும் வற்றலையும் தயாராக வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை ஊசி கீறலில் மாட்டிக்கொண்டு சூரியன் பதினோரு தடவை உதித்தது.

கடற்காற்றின் ஈரத்தில் இரண்டே மாதத்தில் தட்டின் இரு பக்கத்துப் பெயர்க் காகிதங்களும் உரிந்துவிட்டன. எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. தவறான பக்கத்தை வைத்தால் அந்தி இன்னும் கனத்து, வௌவால்கள் கூடத்துக்குள் வந்தன. ஒரு பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்துவிடலாம் என்றாள் சண்முகத்தாய்.

"வைக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் மோகனந்தான். எதுக்கு அடையாளம்?" என்றார் அவர்.

அடையாளம் வைத்தால் இரண்டும் வேறு என்று ஆகிவிடும். எனவே அவர் தினமும் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்து, காதால் கண்டுபிடித்தார். முதல் மாதம் ஒரு நிமிடம் தேவைப்பட்டது. ஆறாம் மாதம் பத்து வினாடி. 1946இல் குரல் இரண்டாம் ஸ்வரத்துக்குப் போகுமுன் ஊசியைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போட்டார். சென்னைக்குத் தெற்கே தேஷ்காரையும் பூபாலியையும் அவ்வளவு விரைவாகப் பிரித்தறிய வல்லவர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. அதே ஆண்டு சபையின் பரீட்சை விதிகளை அவர் திருத்தி எழுதினார். அதில், ஸ்வரம் ஒன்றாயின் ராகமும் ஒன்றே என்பது நான்காவது விதி.

தட்டு தேய்ந்தது. 1948இல் அது தந்த காலை, தண்ணீர் கலந்த பால் போல இருந்தது, வற்றல் காயவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் சண்முகத்தாய் சங்குக் கிட்டங்கிக்குப் போனாள். ஜெபகனி ஐந்து ஆண்டுகளாக அங்கேதான் சங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். குளியாட்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்குகளை, துளையிட்ட மரச்சட்டத்தில் விட்டுப் பார்ப்பது வேலை. இரண்டேகால் அங்குலத் துளையில் நுழைந்துவிட்டால் சின்னச் சங்கு, கடலுக்கே திரும்பும். நுழையாதவற்றுள் உயிரோடு எடுத்தது எது, செத்துக் கிடந்து பூச்சி அரித்தது எது என்று சட்டத்தால் சொல்ல முடியாது. ஜெபகனி விரலால் சுண்டிக் கேட்டுச் சொல்வாள். அழுகிய சதையின் நாற்றத்தில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்முகத்தாய் அவள் எதிரே வந்து நின்றாள்.

"என்னைத் தெரியுதா ஒனக்கு?"

"தெரியுது மைனி. வற்றல் அள்ளுனவிய."

"அஞ்சு வருசமா அள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். அவரு எழுதுனதுக்கு எனக்கு ஏன்ளா பொழுத அடைச்ச? தலையக் காய வைக்க எதுத்த வீட்டு வாசல்ல போயி நிக்கேன், தெரியுமா? நீயும் ஒரு பொம்பளதான?"

ஜெபகனி கையிலிருந்த சங்கைக் கீழே வைத்தாள். "நீங்க அங்கன இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாடுனேன். நான் பொய்க்காரின்னு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு, இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கோவம் வரல. ஒரு ஆளுக்காவது வரட்டும்னு நெனச்சேன்."

"வந்திட்டு. அதத் தூக்கிக்கிட்டுத்தான் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன்."

"எம்மேலயா?"

"ஒம்மேல பாதி." சண்முகத்தாய் சுற்றும் பார்த்துவிட்டுச் சங்குக் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள். "அவருக்கு வித்தியாசம் தெரியும்ளா. தட்டு வாங்கி வச்சிருக்காரு. ஊசி பட்ட ஒடனே எது எதுன்னு தெரியுது. முந்தி தெரியாம எழுதுனாரு, சரி. இப்ப தெரிஞ்சுக்கிட்டே அடிக்க மாட்டேங்காரு. தெரிஞ்சவரோட எப்படிக் குடும்பம் நடத்தது, நீயே சொல்லு."

இதைக் கேட்டபோதுதான் ஜெபகனியின் கோபம் வீட்டளவைத் தாண்டியது. அறியாமையின் மீது ஐந்து ஆண்டு கோபப்பட்டிருந்தவளுக்கு, அந்த அறியாமை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது என்பது புதிய செய்தி. கிட்டங்கிக்கு மேலே வெளிச்சம் மங்கியது. அவள் பாடவே இல்லை. சுமை தூக்குகிறவர்கள் மணியாகிவிட்டதென்று கைகழுவப் போனார்கள். அவள் மூச்சை இழுத்து அடக்கியபிறகு மறுபடி மூன்றரை மணி வெயில் அடித்தது.

அந்த மாதம் சபைக்குப் புதிய தலைவராக வக்கீல் பொன்னுதுரை வந்திருந்தார். வக்கீல் என்பதால் நடவடிக்கைப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து வாசித்தார். சண்முகத்தாய் அவரையும் போய்ப் பார்த்தாள். டிசம்பர்க் கூட்டத்தில் அவர் வன்னியபெருமாளிடம், வருகிற ஆண்டுவிழாவில் காலை ஒன்பது மணிக்கு ஜெபகனி பாடட்டும், இரண்டில் எதைப் பாடுவது என்பது அவள் விருப்பம் என்றார்.

"அது நடக்காது. அந்தப் பொம்பள பாடுனா…" என்று தொடங்கினார் வன்னியபெருமாள்.

"பாடுனா என்ன அண்ணாச்சி? ரெண்டும் மோகனம்னு நீங்கதான எழுதியிருக்கிய. எதப் பாடுனா நமக்கென்ன?"

மறுத்தால் இரண்டும் வேறு என்று ஆகும். வன்னியபெருமாள் அழைப்பிதழில் கையெழுத்திட்டார்.

1949 ஜனவரி பதினாறாம் தேதி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சபை மண்டபத்துக்கு முன்னூறு பேர் வந்தார்கள். பாதிப்பேர் கையில், இருட்டினால் உதவும் என்று ஏற்றிய அரிக்கேன் விளக்கு இருந்தது. ஜெபகனி தம்பூராவை மடியில் சாய்த்து, சபையைப் பாராமல், தேஷ்கார் தொடங்கினாள். குரல் மேலேறித் தைவதத்தில் நின்றது. நின்ற ஒவ்வொரு முறையும் கிழக்கு ஜன்னல்கள் இன்னும் சற்று வெளுத்தன. கால்மணி நேரத்தில் கூட்டம் விளக்குகளை அணைத்துத் தரையில் வைத்தது. முன்வரிசையில் வன்னியபெருமாள் கைகளைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருந்தார். இருபத்தாறாம் நிமிடத்தில், மேலிருந்து இறங்கிய குரல் பஞ்சமத்தோடு நின்று தைவதத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். நிற்காமல் காந்தாரத்துக்கு வந்து அமர்ந்தது. ரிஷபத்தை நிறைவாகத் தொட்டது. மறுபடி காந்தாரத்தில் அமர்ந்தது. ஐந்து ஸ்வரங்களும் அதே ஐந்துதான். இருநூற்றுத் தொண்ணூற்றேழு பேருக்கு எதுவும் மாறவில்லை. காசிலிங்கம் தலைதூக்கினார். சண்முகத்தாய் பெண்கள் பக்கத்திலிருந்து தன் கணவனைப் பார்த்தாள். வன்னியபெருமாள் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏளா, நிறுத்து! காந்தாரத்துல ஒக்காராத! இது தேஷ்கார் இல்ல, பூபாலி! ஊரையே இருட்டடிக்கப் போறியா?"

ஜெபகனி நிறுத்தினாள். தம்பூரா மட்டும் ஒலித்தது. ஜன்னல்களுக்கு வெளியே துறைமுகத்தின் மேல் வானம் சிவக்கத் தொடங்கியிருந்தது. புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு தோணி கரையை நோக்கித் திரும்பியது.

"அண்ணாச்சிக்கு மோகனத்துல ரெண்டு தெரியுதுடோய்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது, ஆறு ஆண்டுகளுக்கு முன் சிரித்த அதே கூட்டம். ஜெபகனி சிரிக்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"…ரெண்டும் வேற."

"எது எது?"

"தைவதத்துல நின்னா தேஷ்கார். காந்தாரத்துல ஒக்காந்தா பூபாலி."

"இது எப்பத் தெரியும்?"

"நாலு வருசமாத் தெரியும்" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து சண்முகத்தாயின் குரல்.

ஜெபகனி தைவதத்துக்கு ஏறி ஒரே மூச்சில் நின்று காலையை மீட்டுக் கொடுத்தாள். பொன்னுதுரை நடவடிக்கைப் புத்தகத்தை மேடைக்கு வரவழைத்தார். வன்னியபெருமாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய வாக்கியத்தின் மீது கோடு இழுத்தார். ஜெபகனி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். கோடு மயிரிழை போல இருந்தது. அதன் கீழே ஒவ்வோர் எழுத்தும், ஏமாற்ற முயன்றார் என்பது உட்பட, தெளிவாகப் படிக்கக் கிடைத்தது.

"கோடு ரொம்ப மெலிசு அண்ணாச்சி."

"அடிக்கச் சொன்ன, அடிச்சாச்சு. அடிச்சது அடிச்சதுதான்."

"சரி" என்றாள் ஜெபகனி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வாக்குக் கொடுத்தபடி அவள் அந்த வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்று தேஷ்கார் பாடினாள். இம்முறையும் நாற்பது நிமிடம். அந்திமந்தாரைகள் கூம்பின. கோழிகள் வெளியே வந்து, ஐந்தே முக்கால் ஆண்டுகளில் பிறந்தவை வெயிலைக் கண்டு திகைத்து நின்றன. முற்றம் வெளுத்தது, கூடம் வெளுத்தது, அடுக்களையும் படுக்கையறைகளும் ஒவ்வொன்றாக வெளுத்தன. சண்முகத்தாய் ஈரத் தலையை விரித்துப்போட்டு முற்றத்தின் நடுவில் உட்கார்ந்தாள். அப்போது வன்னியபெருமாள் அலுவலறையிலிருந்து கையில் விளக்கோடு வெளியே வந்தார். நடவடிக்கைப் புத்தகம் எழுதும் அந்த அறையில் ஆறே முக்கால் அப்படியே இருந்தது.

"ஏளா, இந்த ரூம்பு விடியலையே!"

"விடியச் சொன்னிய, விடிஞ்சாச்சு. விடிஞ்சது விடிஞ்சதுதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஜெபகனி நடந்தாள். எட்டரை மணிக்குக் கிட்டங்கியில் இருக்கவேண்டும்.

ஜூன் மாதம் பள்ளியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். சபை தன் விதிகளில் நான்காவதை நீக்கியது. மற்றவற்றின் எண்கள் மாற்றப்படாததால் மூன்றுக்கு அடுத்து ஐந்து வருகிறது. வன்னியபெருமாள் அலுவலறையின் ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினார். அதன் வழியே முன்னைவிட அதிகமாக அந்தி தெரிந்தது. சண்முகத்தாய் அந்திமந்தாரையைத் தொட்டிகளில் பெயர்த்து அந்த அறையில் வரிசையாக வைத்தாள். அவை பகலெல்லாம் பூத்தன. அவ்வாண்டு டிசம்பரில் நகராட்சியிலிருந்து வீடுகளை அளக்க வந்தவர் எல்லா அறைகளிலும் நாடா பிடித்து முடித்து, அலுவலறையில் மட்டும் விளக்கு கேட்டு வாங்கிக்கொண்டு, தம் பதிவேட்டில் இவ்வாறு எழுதினார்: வாசல் கிழக்கு, கிணறு ஒன்று, அறைகள் ஏழு, அவற்றுள் ஒன்று மாலை.